அவன் உள்ளே தூங்குகிறான்

அத்தியாயம் 14

தம்பி என்று பேச்சை எடுத்தால் போதும், அந்த வீட்டில் டிவி சத்தம் கூடிவிடும். ரிமோட் எப்போதும் அப்பா கையில்தான் இருக்கும். நான்கு வருடமாக அங்கே இதுதான் சட்டம்.

அம்மா இறந்த அன்று தம்பி வந்து சேரவில்லை. லாரியில் ஏற்றிய சரக்கை இறக்கி முடித்துவிட்டு மறுநாள்தான் வந்தான். “சரக்குதானே உனக்குப் பெருசு, அதோடவே போயிடு” என்று அப்பா வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். அவனும் அப்பாவுக்குப் பிறந்தவன்தானே, ரோஷத்துக்குக் குறைச்சலா? செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான்.

ஏன் தாமதம் என்று அன்றைக்கு யாரும் அவனைக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அவள் தொண்டையிலேயே நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘கேள்வி’தான். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்ற லாரி பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் அது. ஒரு லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைப்பதற்கு முன், அவருடைய இன்சூரன்ஸ் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. பத்திரம் எல்லோரிடமும் இருக்கும். அச்சடித்த அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும். இன்றைக்கும் உண்மையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் பத்திரத்தில் போட்டிருக்கும் போன் நம்பரை அவள் தொடவே மாட்டாள். இன்சூரன்ஸ் கம்பெனியின் நம்பரைத் தானே தேடி எடுத்துக் கூப்பிடுவாள். பாலிசி இன்று நடப்பில் இருக்கிறதா, அதில் எழுதியிருப்பது இந்த வண்டிதானா, ஓட்டப்போவது அதில் உள்ள ஆள்தானா, ஏற்றப்போகும் சரக்கின் மதிப்பை அது தாங்குமா, இந்த மாதிரிச் சரக்குக்குச் செல்லாது என்று எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறதா... ஒன்று விடாமல் கேட்பாள். பதில் சொன்னவர் பெயரையும் மணியையும் குறித்துக்கொண்ட பிறகுதான் முத்திரை விழும்.

அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். ஒரு தடவை பத்திரத்து நம்பருக்கே போன் போட்டாராம். ‘இன்சூரன்ஸ் அதிகாரி’ ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். நடுவில் காதைப் பிளக்கிற மாதிரி லாரி ஹாரன். அதிகாரி அந்த லாரியிலேயேதான் உட்கார்ந்திருந்தார், கிளீனராக. அந்தச் சரக்கு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்கா வேலையில் கெட்டி என்பது ஊரறிந்த விஷயம். அந்த வேலைக்கு அவள் ஏன் வந்தாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. லாரி வைத்திருப்பவர்களின் பத்திரமெல்லாம் அந்த ஒரு மேஜையைக் கடந்துதான் போக வேண்டும். என்றைக்காவது ஒருநாள் தம்பியின் பெயரும் வந்துதானே ஆக வேண்டும்? இருபத்தாறு மாதமாக ஒவ்வொரு தாளிலும் முதலில் உரிமையாளர் பெயரைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதைப் படிப்பாள்.

அந்தப் புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, அந்தப் பெயர் வந்தது.

கொண்டுவந்தவர் புக்கிங் பிரிவில் மூத்தவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘அவசரம்’. டீ குடிக்கப் போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் போவார். ஆனால் இன்றைக்கு அவருடைய அவசரத்தில் நியாயம் இருந்தது. ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் நாளைக் காலைக்குள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்ற வேண்டிய லாரி கியர் பெட்டி பழுதாகி வழியிலேயே நின்றுவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு யார்டில் வேறொரு லாரி காலியாக நிற்கிறதாம். சொந்த வண்டி, ஓட்டுவதும் அவரே. மூன்று மணிக்குக் கிளம்பச் சொன்னால் நாலு மணிக்கு நம் சரக்குக் கொட்டகையில் இருப்பார். நாம் சரி என்று சொல்லும்வரை நகர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் பத்திரத்தை நீட்டினார்.

உரிமையாளர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து.

அந்தப் பெயரில் இன்னும் யாராவது இருக்கலாமே என்று மனசை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தாள். கதவு எண், தெரு, எல்லாம் காலையில் அவள் புறப்பட்டு வந்த வீடுதான்.

நான்கு வருடமாக எந்தெந்த ஊரில் எந்தெந்த யார்டில் படுத்து எழுந்தானோ, முகவரி என்று கேட்ட இடத்தில் இந்த வீட்டைத்தான் எழுதியிருக்கிறான். பைத்தியக்காரன். அப்படி எழுதத் தெரிந்தவனுக்கு ஒருநாள் வந்து கதவைத் தட்டத் தெரியவில்லையே என்று கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

கொட்டகை அவள் மேஜைக்கு நேர் எதிரே, ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. நாலு மணிக்கு லாரி பின்னோக்கி வந்து நிற்கும். கதவு திறக்கும். அவன் குதித்து இறங்குவான், படியில் கால் வைத்து இறங்குகிற வழக்கம் அவனுக்கு எப்போதுமே கிடையாது. மெலிந்திருப்பானா? தொப்பை போட்டிருப்பானா? இவளைப் பார்த்ததும் சிரிப்பானா, முகத்தைத் திருப்பிக்கொள்வானா? திருப்பிக்கொண்டால்தான் என்ன, பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, வருடக் கடைசி வரை தேதி போட்டிருக்கிறதே, குத்திக் கொடுங்கள் என்று அவசரம் கால் மாற்றிக் கால் நின்றார்.

அவள் முத்திரையைக் கையில் எடுத்தாள். பொய் சொல்வானேன், இன்றைக்கு ஒருநாள் யாரையும் எதுவும் கேட்காமல் விட்டுவிடத்தான் அவளுக்கு ஆசை. போன் போட்டால் ஏதாவது ஒரு நொட்டை கிளம்பும். கிளம்பினால் அவன் வர மாட்டான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி நிற்பவன் அப்படியே வேறு பக்கம் போய்விடுவான். அப்புறம் இன்னும் எத்தனை மாதம் தாள் தாளாகப் பெயர் பார்ப்பது?

முத்திரை மை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. யாரோ எவரோ என்றால் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள், கூடப் பிறந்தவனைக் கேட்காமல் அனுப்புவதா? அப்படி நினைத்ததுமே வெட்கமாகிவிட்டது. முத்திரையை மூடி வைத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நம்பரை அழுத்தினாள். அவசரம் பெருமூச்சு விட்டார்.

எடுத்துப் பேசிய பெண் பாலிசி எண்ணைக் கேட்டு, சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, அது நடப்பில் இல்லை என்றாள். ரத்தாகிப் பத்தொன்பது நாள். வண்டியைப் பரிசோதித்த சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது அந்த பாலிசியின் நிபந்தனை. அது வரவில்லை. அவர்களிடம் இருப்பது பழைய போன் நம்பர், அழைப்பே போகவில்லை. கடிதம் மூன்று போட்டிருக்கிறார்கள். எதற்கும் பதில் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அக்கா கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“மூணாவது பதிவுத் தபால்ங்க. வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே” என்றாள் அந்தப் பெண்.

மீண்டும் உயிர் கொடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த மூன்றாவது கடிதத்தோடு ஒரு படிவம் போயிருக்கிறது. அதில் உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கம்பெனியின் ஆளே வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து பார்த்து முடித்துக் கொடுப்பார். அதுவரை வண்டியை நகர்த்தக் கூடாது.

அக்கா அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டாள். மணியை எழுதினாள். தாளின் தலையில் ‘கூடாது’ என்று எழுதினாள். இரண்டு வருடத்தில் எத்தனையோ தாளில் எழுதிய சொல்தான், இன்றைக்கு எழுத்து கோணிப்போனது.

அவசரத்தின் முகம் சுண்டிவிட்டது. வேறு லாரி தேட அவர் ஓடப் பார்த்தபோது, இந்த லாரிக்காரருக்குத் தானே சொல்லிவிடுவதாக அக்கா சொன்னாள். அவள் லாரிக்காரர்களோடு பேசி அவர் பார்த்ததில்லை. புருவத்தை உயர்த்தினாரே தவிர, கேட்கவில்லை, கேட்க அவருக்கு ஏது நேரம்? நம்பரைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிவரை அவன் அசைய மாட்டான். அவள் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்றைக்கு அந்த நடை முடிவதாகவே இல்லை.

அப்பா சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும் உடம்புக்கு ஏதாவதா என்று எழுந்தார். அவள் ஒன்றுமில்லை என்று சொல்லி, தம்பி பெயருக்குத் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டாள்.

அப்பாவின் கை ரிமோட்டுக்குப் போனது. சத்தம் இரண்டு கோடு ஏறியது.

“அப்பா, இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து வந்திருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க.”

தபால்காரன் எதையாவது நீட்டுவான், கண்ணாடி இல்லாமல் நான் எங்கே பார்க்கிறேன் என்று அப்பா பிடிகொடுக்காமல் பேசினார். வயசான காலத்தில் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாயே என்று ஒரு தடவை கோபப்பட்டும் பார்த்தார். அக்கா அசையவில்லை. ஆபீசில் பேர் வாங்கியவள் அல்லவா, எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் இங்கேருந்து நாப்பது கிலோமீட்டர்ல நிக்கிறான்ப்பா” என்றாள்.

அப்பா டிவியை நிறுத்தினார். சத்தத்தைக் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், தையல் மெஷினின் இழுப்பறையை இழுத்தார். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ரப்பர் பட்டை போட்ட ஒரு கடிதக் கட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

நாற்பதுக்குக் குறையாது. பேங்க் விளம்பரம், டயர் கடையின் தள்ளுபடி அறிவிப்பு, அவன் எப்போதோ சேர்ந்திருந்த நூலகத்திலிருந்து வந்த நினைவூட்டல், இன்சூரன்ஸ் கம்பெனியின் மூன்று உறைகள். எல்லாவற்றிலும் தம்பியின் பெயர். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. வந்த தேதியை மட்டும் பென்சிலால் ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதியிருந்தார்.

“ஏன்ப்பா?” என்றாள். திட்டத்தான் வாயெடுத்தாள். இந்த ஒரு சொல்தான் வந்தது.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவன் பேர் போட்டு இந்த வீட்டுக்கு வர்றது இது ஒண்ணுதானேம்மா. திருப்பி அனுப்பினா அதுவும் நின்னு போயிடுமேன்னு வாங்கி வச்சேன்.”

அவரே தொடர்ந்தார்.

“அந்தப் பதிவுத் தபால் வந்த அன்னிக்கு, தபால்காரன் புது ஆளு. பையன் இருக்கானான்னு கேட்டான். உள்ள தூங்குறான், நான் வாங்கிக்கிறேன்னேன். சரிங்கய்யா, எழுப்ப வேணாம்னு மெதுவா பேசிட்டுப் போனான். நானும் கதவைச் சத்தம் வராம சாத்தினேன். அன்னிக்குப் பூரா டிவியே போடலைம்மா.”

நான்கு வருடமாக அக்கா இந்த மனிதரைக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேரும் ஒருவனுக்காகவே ஏங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றிருக்கிறார்கள்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். இந்தப் பத்தொன்பது நாளும் தம்பி வெறும் தாளை நம்பி வண்டி ஓட்டியிருக்கிறான். யார் மீதாவது மோதியிருந்தாலோ, ஏற்றிய சரக்கு கவிழ்ந்திருந்தாலோ அவனுக்குப் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை. லாரி போயிருக்கும், தொழில் போயிருக்கும், ஜெயிலுக்கும் போயிருக்கலாம். அந்த எச்சரிக்கைதான் நூல்கண்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஆசைக்கு வச்சுக்கிட்டது அவனைக் கொன்னிருக்குமா?” என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து அவசரத்திடமிருந்து போன். வேறு லாரி கிடைத்துவிட்டது, பத்திரம் அனுப்பியிருக்கிறேன், உடனே பாருங்கள் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து அந்த லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஏற்றலாம் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் போய்ச் சேரும், அந்தக் கவலை தீர்ந்தது.

கட்டைத் திரும்ப அடுக்கும்போதுதான் அந்த உறை கையில் பட்டது. மற்றதெல்லாம் அச்சடித்த முகவரி. இது மட்டும் பேனாவால் எழுதியது, உருண்டை உருண்டையான பெண் கையெழுத்து. அஞ்சல் முத்திரை அம்மா இறந்த அதே வாரம். அப்பா கவனித்திருப்பாரா என்று தெரியவில்லை. இப்போது இதைக் கிளற வேண்டாம் என்று மென்று விழுங்கிக்கொண்டு, அதை மட்டும் தன் பையில் போட்டாள்.

மணி மூன்றாகப் பத்து நிமிடம். போனை மேஜைமேல் வைத்து, அப்பாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். நம்பரை அழுத்தினாள்.

“புக்கிங் ஆபீசா? கிளம்பட்டுங்களா? வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

குரல் தடித்திருந்தது. கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் கடைசிச் சொல்லை இழுக்கிற பழக்கம் போகவில்லை. பின்னால் இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆபீஸ் குரலில் சொன்னாள். கிளம்ப வேண்டாம். உங்கள் பாலிசி ரத்தாகிப் பத்தொன்பது நாள் ஆகிறது. சரக்கு ஏற்ற முடியாது. காலி வண்டியாகக்கூட நகர்த்தாதீர்கள்.

அவன் நம்பவில்லை. பத்திரம் கையில் இருக்கிறது, வருடக் கடைசிவரை இருக்கிறது என்றான். ரத்து செய்தால் கடிதம் போட மாட்டார்களா, எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லையே என்றான். கோபம் ஏறியது குரலில். நியாயமான கோபம்தான்.

“போட்டிருக்காங்க. நீங்க குடுத்த அட்ரஸுக்குத்தான் மூணும் வந்திருக்கு” என்றாள்.

போயிருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இஞ்சின் மட்டும் கேட்டது.

“அக்கா?”

அவள் ஆபீஸ் குரல் அத்தோடு போயிற்று. “நான்தான்டா” என்றாள்.

“வேற எந்த அட்ரஸைக் குடுப்பேன்க்கா” என்றான் அவன், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல. “யாரும் எடுத்து வைக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் எழுதும்போது நல்லாயிருக்கும்.”

அப்பா போனுக்கு மேல் குனிந்தார். நான்கு வருடமாக வாயில் வராத பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை.

“எடுத்து வச்சேன்” என்றார். “எல்லாத்தையும் நான்தான் எடுத்து வச்சேன். உன்கிட்ட சேர்க்கலை. தப்பு என்மேல.”

அப்பா காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர், கேட்டுவிட்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வெளியே போகும்போது போடுகிற சட்டையை அலமாரியிலிருந்து எடுத்துப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டார். கடிதக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார். அவர் புறப்பட்டுவிட்டார் என்பதே அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்து, அந்தப் படிவத்தைப் பற்றியும், வண்டி நிற்கும் இடத்துக்கே ஆள் வந்து பார்ப்பார் என்பதையும் அவனிடம் சொன்னாள். நகர்த்தினால் எல்லாம் கெட்டுவிடும் என்றாள். அவன் கேட்டுக்கொண்டானா என்றுகூடத் தெரியவில்லை. லாரிக்காரன், ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம். போனவன்தானே ஒரு தடவை.

அப்போதுதான் அவன் கேட்டான்.

“எவ்ளோ நேரம்க்கா இங்க நிக்கணும்?”

“நாங்க வந்து சேர்ற வரைக்கும்” என்றாள்.

வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு நின்ற அப்பா, அவள் கையிலிருந்த போனையே பார்த்தார்.

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் நின்றது.